திரைக்கு அடியில் போன விரல்ரேகை சென்சார்

2011-இல் வந்த மோட்டோரோலா ஏட்ரிக்ஸ் போனைத் திறக்க, சென்சார்மேல் விரலைத் தேய்த்து இழுக்க வேண்டும்; கோணம் மாறினால் ஏற்காது. 2012-இல் விரல்ரேகை சென்சார் செய்யும் ஆத்தென்டெக் நிறுவனத்தை வாங்கிய ஆப்பிள், அடுத்த ஆண்டே ஐபோன் 5எஸ்-இல் தொட்டால் திறக்கும் சென்சாரை வைத்தது. சாம்சங்கோ 2014-இல் வந்த கேலக்ஸி எஸ்5-இலும் தேய்க்கத்தான் விட்டது.

2018-இல் விவோ எக்ஸ்20 பிளஸ் யூடி, ஆப்டிகல் (ஒளியால் படிக்கும்) சென்சாரைத் திரைக்கு அடியில் கொண்டுபோனது. திரையின் வெளிச்சத்திலேயே அது விரலைப் படமெடுக்கும். புள்ளிகள் தாமே ஒளிரும் ஓஎல்இடி திரை வழியே ஒளி போய்வரும். எல்சிடி திரையிலோ அடியிலிருந்து வெளிச்சம் தரும் பின்னொளி அடுக்கு அதை மறைக்கும். எல்சிடி போன்களில் பவர் பட்டனிலோ முதுகிலோ சென்சார் இருப்பது இதனால்தான். (வேகத்தில் இன்றும் பட்டன் சென்சார்தான் கெட்டி என்பேன்.)

2019-இல் சாம்சங் கேலக்ஸி எஸ்10-இல் சிப் நிறுவனமான குவால்காமின் அல்ட்ராசோனிக் (மீயொலி) சென்சார் வந்தது. ரேகையின் மேடுபள்ளத்தை ஒலியலையால் அளப்பதால் ஈரவிரலை ஓரளவு சமாளிக்கும். ஆனால் ஸ்க்ரீன் கார்டுக்கு அடியில் காற்றிடைவெளி இருந்தால் ஒலி அங்கேயே திரும்பிவிடும். அதே ஆண்டு, திரையை மூடும் சில சிலிகான் உறைகளின் புள்ளி வடிவத்தையே ரேகையாக எடுத்துக்கொண்டு யார் விரலுக்கும் போன் திறந்தது. சாம்சங் அப்டேட் விட்டுச் சரிசெய்தது.

ஸ்க்ரீன் கார்டு மாற்றினால் பழைய பதிவை அழித்து மறுபடி பதியுங்கள். உலர்ந்த விரலின் நுனி, ஓரம் எல்லாம் படட்டும். போன் அனுமதித்தால் கட்டைவிரலை இருமுறை பதியலாம்.