ஊம் சத்தத்தை விழுங்கிய குழாய்

போன சனிக்கிழமை காலை. மலேசியாவின் ஜொகூரில் ஸ்கூடாயிலிருந்து கூலாய் போகும் நெடுஞ்சாலை, ஆறாவது கியர், 90 கிலோமீட்டர். பக்கத்து சீட்டில் மனைவி போனில் அவள் அம்மாவிடம் பேசிக்கொண்டு வந்தாள். கத்தவில்லை, ஒரு காதைப் பொத்திக்கொள்ளவும் இல்லை. "ஆமாம்மா, கார்லதான் இருக்கேன்" என்றாள், வீட்டு சோபாவில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. ஏழு மாதம், நான்கு ஜொகூர் பயணம், வீணாய்ப்போன ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (எஸ்எஸ்) மூடி, கையில் இரண்டு சூடு. எக்ஸாஸ்ட் குழாயை மாற்றியதும் ஒரே வேகத்தில் போகும்போது வண்டிக்குள் 'ஊம்' என்று அடைக்குமே, அந்தச் சத்தத்துக்குப் பெயர் ட்ரோன். ஒருவழியாக அது செத்தது.

வண்டி 2013-இல் பதிவான டொயோட்டா 86, மேனுவல். சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழான சிஓஇயை 2023-இல் பத்து வருடத்துக்குப் புதுப்பித்தேன். எவ்வளவு கட்டினேன் என்பது எனக்கும் வங்கிக்கும் மட்டும் தெரிந்தால் போதும். பத்து வயது தாண்டிவிட்டதால் இப்போது வருடா வருடம் இன்ஸ்பெக்‌ஷன், சாலை வரியிலும் கூடுதல் கட்டணம். இவ்வளவும் அழுதுவிட்டு, வண்டி தையல் மிஷின் மாதிரி சத்தம் போட்டால் மனசு ஆறுமா?

உள்ளே இருப்பது சுபாரு பாக்ஸர் இன்ஜின்தான், ஆனால் பழைய இம்ப்ரெசாவின் அந்த 'குபுகுபு' கிடையாது. அதில் ஹெடர் குழாய்களின் (இன்ஜினிலிருந்து புகையை வெளியே எடுப்பவை) நீளம் சமமில்லை, இதில் சமம். "அப்போ ஹெடரை மாத்திடு" என்று சொல்லாத நண்பனே இல்லை. மாற்றலாம். ஆனால் இந்த வண்டியில் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஹெடரோடு ஒட்டிப் பிறந்தது. அதில் கை வைத்தால் புகைச் சோதனைக்கு என்ன பதில் சொல்வது? ஆகவே கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருப்பதில் மட்டும்தான் என் விளையாட்டு. குதிரைத்திறன் எவ்வளவு கூடியது என்றும் யாரும் கேட்க வேண்டாம். 4,000 சுற்று வாக்கில் இழுவை தொங்குமே, அது இப்போதும் அப்படியேதான் தொங்குகிறது.

எக்ஸாஸ்ட் கிட் வாங்கியது ஜொகூரில், ஒரு ஹாஃப்கட் கடையில். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டப்பட்டு வந்த ஒரு 86-இன் வயிற்றிலிருந்து கழற்றியது. சத்தம் ஜப்பானிய வரம்புக்குள் இருக்கிறது என்று சொல்லும் ஜாஸ்மா தகடுகூட, சத்தத்தை அடக்கும் மஃப்ளரில் அப்படியே இருந்தது. அந்தத் தகட்டைக் காட்டி இங்கே வண்டி ஓட்ட முடியாது. எக்ஸாஸ்டை மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையமான எல்டிஏவின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் மாட்டிப் பிடிபட்டால் முதல் தடவையே அபராதம், உள்ளே போகவும் நேரலாம். எனக்கு வயது 41, பொண்ணுக்கு ஏழு. எனவே ஒரு விரதம் எடுத்துக்கொண்டேன்: சத்தம் சரியாகி, காகிதம் கைக்கு வரும்வரை இந்தக் குழாய் சிங்கப்பூர் சாலையில் ஒரு மீட்டர்கூட ஓடாது.

இதன் விலை என்ன தெரியுமா? விடிகாலை நாலரைக்கு ஈசூனிலிருந்து கிளம்ப வேண்டும். பெட்ரோல் முள் முக்கால் டேங்குக்குக் கீழே இருந்தால் உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்கூடாய் பட்டறையில் ஒரிஜினலைக் கழற்றி கிட்டை மாட்டி, ஓட்டிப் பார்த்து, வெட்டி, ஒட்டி, மறுபடி ஓட்டி, சாயங்காலம் கிட்டைக் கழற்றி ஒரிஜினலை மாட்டித் திரும்ப வேண்டும். முதல் தடவை கழற்றி மாட்ட இரண்டரை மணி நேரம். நாலாவது தடவை நாற்பது நிமிடம். ஹேங்கர் ரப்பரைக் கடப்பாரை போட்டு நெம்பாதீர்கள், சோப்புத் தண்ணீர் போதும், வாழைப்பழத் தோல் மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். குழாய் இணைப்புகளுக்கு நடுவே கசியாமல் வைக்கிற ஃபிளாஞ்ச் கேஸ்கெட்டை மொத்தமாக ஐந்து வாங்கி வைத்துவிட்டேன். பழசை நம்பி ஒருமுறை மாட்டி, திரும்புகிற வழி முழுக்க 'டிக் டிக்' என்று கசிவுச் சத்தம் கேட்டுக்கொண்டே கடல்பாலத்தில் இரண்டு மணி நேரம் நின்றேன். பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லாரும் என் வண்டியையே பார்த்த மாதிரி இருந்தது.

முதல் பயணத்தில் சத்தம் அருமை. 4,000-க்கு மேலே தொண்டை திறந்து பாடியது. நெடுஞ்சாலை ஏறி ஆறாவது கியர் போட்டு 90-ல் நிறுத்தினேன், வந்தது பாருங்கள் ஒரு 'ஊம்ம்ம்ம்'. காதில் கேட்பது இல்லை அது, மண்டைக்குள் அடைப்பது. பின்சீட்டிலிருந்து பொண்ணு, "அப்பா, பெரிய சங்குக்குள்ள உட்கார்ந்திருக்கற மாதிரி இருக்கு" என்றாள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் மோசம். இசிபி விரைவுச்சாலையில் சாங்கி வரை போகிற வேகமே 90 என்பதால், அனுமதி கிடைத்தாலும் இப்படியொரு வண்டியை வைத்து என்ன செய்வது?

பட்டறை அண்ணன் சத்தமானியை நீட்டினார். "தம்பி, மீட்டர்ல ஒண்ணுமே காட்டல. உனக்குத்தான் காது சரியில்ல." அவர் மீட்டர் 'ஏ' எடையில் இருந்தது. அந்த முறையில் தாழ்ந்த சுருதிகளைக் கழித்துத்தான் காட்டும். 80 ஹெர்ட்ஸில் சுமார் 22 டெசிபெல் காணாமல் போய்விடும். மண்டையை உடைக்கிற சத்தம் மீட்டருக்கு ஒரு பொருட்டே இல்லை. போனில் ஸ்பெக்ட்ரம் செயலியைத் திறந்ததும் 80-ல் ஒரே ஒரு கொம்பு, ஐஃபில் கோபுரம் மாதிரி.

ஏன் 80? 90 கிலோமீட்டரில் ஆறாவது கியரில் இன்ஜின் சுமார் 2,400 சுற்று. நான்கு சிலிண்டர், ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. நிமிடத்துக்கு 4,800, வினாடிக்கு 80. ஐந்தாவது கியரில் 80 கிலோமீட்டர் போனால் 2,800 சுற்று, அங்கே சத்தமே இல்லை. ஆக, கொல்ல வேண்டியது ஒரே ஒரு சுருதி. இதற்காகப் பெரிய மஃப்ளர் வாங்கி மேலே பாடுகிற பாட்டையும் சேர்த்து அமுக்குவது, மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்துவது.

இதற்குத்தான் ஜே-பைப். மெயின் குழாயிலிருந்து ஒரு கிளை பிரித்து, அதன் முனையை அடைத்துவிடுவது. அலை உள்ளே போய், மூடியில் முட்டி, திரும்பி வரும்போது எதிர்க்கட்டத்தில் வந்து அசலைத் தின்றுவிடும். கிளையின் நீளம் கால் அலைநீளம். சொல்ல இரண்டு வரி, செய்ய ஏழு மாதம்.

எல்லாம் அந்த நீளத்தில்தான் இருக்கிறது. ஒலியின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது: கெல்வின் வெப்பநிலையின் வர்க்கமூலத்தை 20.05-ஆல் பெருக்கினால் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். எக்ஸாஸ்ட் நடுப்பகுதியில் 250 டிகிரி என்று வைத்துக்கொண்டேன். வேகம் 458. 80-க்குக் கால் அலை 143 சென்டிமீட்டர். இரண்டரை அங்குல எஸ்எஸ் 304 குழாய், ஒன்றரை மில்லி கனம், இரண்டு வளைவு. நீளத்தை வளைவின் நடுக்கோட்டில் அளக்க வேண்டும், வெளிவட்டத்தில் அளந்தால் ஏமாந்தீர்கள். மஃப்ளருக்குச் சற்று முன்னால் கிளை பிரித்தோம். அண்ணன் முதலில் வால் முனைக்குப் பக்கத்தில் வைக்கலாம், அங்கேதான் இடம் தாராளமாக இருக்கிறது என்றார். திறந்த முனையில் அழுத்த அலை சுழியத்துக்கு இறங்கிவிடும், அங்கே வைத்தால் அது வெறும் அலங்காரம். நல்லவேளை, அந்தத் தப்பை மட்டும் செய்யவில்லை.

இரண்டாவது பயணம். ஆறாவது கியர், 90. ஊம்ம்ம்ம். அப்படியே இருக்கிறது! ஆத்திரத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வேகம் இறங்க இறங்க, 77 கிலோமீட்டர் வாக்கில் திடீரென்று வண்டிக்குள் தேவாலய அமைதி. 2,050 சுற்று. குழாய் வேலை செய்கிறது, ஆனால் நான் குடியில்லாத தெருவில். 68 ஹெர்ட்ஸைக் கச்சிதமாகக் கொன்றுகொண்டிருக்கிறது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. கணக்கு சரி, அளவு சரி, பின்னே? பொண்ணுக்குப் பால் ஆற்றும்போதுதான் பொறி தட்டியது. மெயின் குழாயில் சூட்டு வாயு ஓடுகிறது. ஜே-பைப்பில் எதுவும் ஓடவில்லை. முனை அடைத்த முட்டுச்சந்து அது. உள்ளே போன காற்று அங்கேயே கிடந்து ஆறிக்கொண்டிருக்கிறது. நான் ஓடுகிற ஆற்றின் சூட்டைக் குளத்துக்கும் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன்!

சிம் லிம் டவரில் வெப்பம் அளக்கிற மூன்று கே-வகை தெர்மோகப்பிளும் ஒரு மலிவான ரீடரும் வாங்கினேன். பழைய சாமான் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017-இல் மூடாமல் இருந்திருந்தால் பாதி விலைக்குப் பழசு கிடைத்திருக்கும். அதில் பொறுக்கிய ஒரு டயல் கேஜ் இன்னும் என்னிடம் ஓடுகிறது. சரி, அது வேறு கதை. மூன்றாவது பயணத்தில் குழாயின் மேல் தெர்மோகப்பிளை எஃகுக் கிளிப்பால் இறுக்கி, அரை மணி நேரம் 90-ல் ஓட்டினேன். கிளை பிரியும் இடத்தில் 190 டிகிரி, நடுவில் 105, மூடியில் 58. சராசரியாக 110 என்று வையுங்கள். வேகம் 392-க்கு இறங்கிவிட்டது. நீளம் 143 இல்லை, 122 அல்லது 123.

இந்தத் தடவை மூடியை வெல்ட் செய்யவில்லை. ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற ஸ்லீவ் வைத்து, பேண்ட் கிளாம்ப்பால் இறுக்கினோம். டிராம்போன் மாதிரி நீட்டலாம், குறைக்கலாம். ஜே-பைப் செய்பவர்கள் தயவுசெய்து இதிலிருந்து தொடங்குங்கள், என்னைப் போல நேராக வெல்டிங்குக்குப் போகாதீர்கள். நான்காவது பயணத்தில் 125, 123, 121, 119 என்று நான்கு அளவு. ஒவ்வொரு அளவுக்கும் கூலாய் வரை ஒரு ஓட்டம், நடுவில் குழாய் ஆறும்வரை தே தாரிக்கும் ரொட்டி சானாயும். (அவசரப்பட்டதில்தான் அந்த இரண்டு சூடு.) ஜெயித்தது 121. கிளையின் வாயில் இருக்கும் கொஞ்சம் காற்றும் சேர்ந்து ஆடுவதால், நிஜக் குழாய் கணக்கைவிட ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் குட்டையாகத்தான் இருக்க வேண்டும். என் போனின் ஓட்டை மைக்கில் அந்த 80-ன் கொம்பு 96 டெசிபெலிலிருந்து 84-க்கு இறங்கியது. எண்ணை நம்ப வேண்டாம், மாமியாரிடம் கேளுங்கள்.

கடைசி வெல்டிங்கில் ஒரு கூத்து. அண்ணன் டிக் (TIG) வெல்டிங் டார்ச்சைக் கையில் எடுத்தால் தையல் போட்ட மாதிரி வரும், ஆர்கன் வாயுவை உள்ளேயும் ஓட விட்டு, உள்பக்கம் கருகாமல் செய்பவர். மூடியைச் சுற்றிக்கொண்டே வந்தார். கடைசி அரை அங்குலத்தில் 'பொட்' என்று உருகிய உலோகம் வெளியே துப்பியது. ஒட்டினார், மறுபடி துப்பியது. மூன்று முறை. "பேய் பிடிச்ச குழாய்டா இது" என்றார். பேய் இல்லை, வளைவுகளின் வெல்ட் சூட்டில் உள்ளே விரிந்த காற்றுக்குப் போக வழியில்லை. மறுமுனையை நாங்களே டேப் போட்டு அடைத்து வைத்திருந்தோம், ஆர்கன் வீணாகக்கூடாது என்று. டேப்பில் ஒரு ஊசித் துளை போட்டதும் அடங்கிவிட்டது. அதற்குள் ஒரு மூடி பாழ்.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். இந்த மாதிரிக் குழாய் 80-ஐ மட்டும் தின்னாது, அதன் மும்மடங்கான 240-லும் வாய் வைக்கும். 240 என்றால் 7,200 சுற்று. 7,400-ல் சிவப்புக் கோடு, அதற்குச் சற்று முன்னால் சத்தம் கொஞ்சம் மெலிகிற மாதிரி எனக்குப் படுகிறது. அண்ணன் பிரமை என்கிறார். கூலாய் சாலையில் இரண்டாவது கியரில் ஒரே ஒரு தரம் பார்த்தேன், சரியாகச் சொல்ல முடியவில்லை. சிப்பாங் பந்தயத் தடத்தில் ஒரு நாள் ஓட்டக் கிடைத்தால் பின்னாலிருந்து ரெக்கார்ட் செய்ய வேண்டும். அதற்கு முன்னால் பிரேக் பேட், திரவம்... பட்டியல் ஏற்கெனவே மனைவிக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போதைக்கு கிட் ஸ்கூடாயில், அண்ணன் பட்டறைப் பரணில். வண்டியில் ஒரிஜினல். காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறை விண்ணப்ப வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறது. சத்தச் சோதனை, புகைச் சோதனை, படங்கள், அளவுகள். ஜே-பைப் படத்தைப் பார்த்துவிட்டு அங்கிருந்தவர், "இது எதுக்கு, சத்தம் கூட்டவா?" என்று கேட்டார். குறைக்க என்றேன். நம்பவில்லை. சத்தத்தைக் குறைக்கவும் சேர்த்து அனுமதி கேட்கிற நிலைமை.

வெட்டி எடுத்த 22 சென்டிமீட்டர் துண்டு மட்டும் வீட்டுக்கு வந்துவிட்டது. பொண்ணு ஒரு முனையை உள்ளங்கையால் அடைத்து, மறுமுனையில் விரலால் தட்டி 'டொம் டொம்' என்று நாள் முழுக்க அடிக்கிறாள். கணக்குப்படி 367 ஹெர்ட்ஸ் வர வேண்டும். போனை நீட்டிப் பார்த்தேன், 360 காட்டியது. "கையை நல்லா அழுத்திப் பிடிம்மா" என்றேன். சமையலறையிலிருந்து, "ரெண்டு பேரும் அதைக் கீழே வைக்கிறீங்களா இல்லையா?" என்று குரல் வந்தது.