17 டாலர் கிதாருக்கு அப்புறம்

அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகி லொரெட்டா லின் கதை சொல்கிறவர்கள் கென்டக்கி, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள், 15 வயதில் கல்யாணம், 20 வயதுக்குள் நாலு பிள்ளை என்று வறுமையிலேயே நின்றுவிடுகிறார்கள். வேலூர் மாவட்டத்தின் குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கத்து மேடைப் பாடகர்கள் பார்க்க வேண்டியது அதற்கப்புறம் நடந்ததை.

1953-ல் கணவர் 17 டாலருக்கு ஒரு ஹார்மனி கிதார் வாங்கிக் கொடுத்தார். வாத்தியார் கிடையாது, தானே தட்டித் தடவிக் கற்றார். உள்ளூர் மேடைகளில் பாடிப் பழகி, 1960-ல் சொந்தமாக எழுதிய பாட்டை இசைத்தட்டாக்கினார். அதை வெளியிட்ட ஜீரோ ரெக்கார்ட்ஸ் சின்னக் கம்பெனி, கடைகடையாகத் தள்ள ஆளில்லை. புருஷனும் பெண்டாட்டியுமாக வானொலி நிலையங்களுக்குத் தட்டைத் தபாலில் அனுப்பினார்கள். பிறகு காரில் கிளம்பி ஒவ்வொரு நிலையமாக ஏறி இறங்கினார்கள். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் போய்ச் சேர்வதற்குள் பாட்டு பிடித்துவிட்டது. பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் 14-ஆம் இடம், அதே வருடம் நாஷ்வில்லின் புகழ்பெற்ற வானொலி இசை நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரி மேடை. 1972-ல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருதைப் பெற்ற முதல் பெண் அவர்.

நம் பக்கம் குரலுக்குப் பஞ்சமில்லை, தவறுவது வேறு இடத்தில். கரோக்கி டிராக் (குரல் இல்லாத பின்னணி இசை) சினிமாப் பாடகரின் சுருதியில் இருக்கும். அதையே பிடித்துக் கத்தினால் நாலாவது பாட்டில் தொண்டை கட்டும். ஆர்மோனியத்தை எடுத்து, பாட்டின் உச்ச சுரம் நெஞ்சடைக்காமல் எந்தக் கட்டையில் (சுருதியில்) வருகிறதோ அதைக் கண்டுபிடியுங்கள். மேடைக்கு அதிலிருந்து அரைக் கட்டை இறக்குங்கள், விடிய விடியப் பாடும்போது கைகொடுக்கும்.

பதிவு செய்யும்போது போனைப் பம்பைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், சொல்லே கேட்காது. வாயிலிருந்து ஒரு முழத்தில் போன், பம்பை பத்தடி தள்ளிப் பின்னால். தகரக் கொட்டகை வேண்டாம், எதிரொலி வரும். துணியும் மெத்தையும் கிடக்கிற அறை போதும். முதல் டேக்கைக் கேட்டுவிட்டுப் பம்பையை இன்னும் நகர்த்த வேண்டியிருக்கும்.

சொந்தப் பாட்டா? வரிகளைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். எழுத்தில் விட்டுக்கொடுக்காதவரை பாடல் வரியின் உரிமை பொதுவாக எழுதியவருக்கே. வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள்.

வைகாசி 1-ல் நடக்கும் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் பாட நினைத்தால் மாசி, பங்குனியிலேயே விழாக்குழுக்களை நேரில் பாருங்கள். அவர்களுக்குப் போட்டுக்காட்ட மூன்று நிமிடப் பாட்டு ஒன்று போதும். கோப்பின் பெயரிலேயே பாடியவர், எழுதியவர், போன் நம்பர் இருக்கட்டும். ஒரு வாட்ஸ்அப் குழுவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கீழே எழுதிய குறிப்பெல்லாம் உதிர்ந்துவிடலாம்.