ஆறு மடங்கான பில் தொகை

மாத இறுதி அறிக்கையின் கூட்டுத்தொகை விற்பனைப் பேரேட்டோடு ஒத்துப்போகவில்லை என்று கணக்குப் பிரிவினர் சொன்னபோது, முதலில் அவர்களுடைய எக்செல் கோப்பைத்தான் சந்தேகித்தேன். பிழை, தரவுத்தளத்திலிருந்து விவரங்களை எடுக்க நான் எழுதிய SQL குவெரியில் இருந்தது.

1,200 ரூபாய் பில் ஒன்றில் 3 பொருள்கள் இருந்தன; வாடிக்கையாளர் அதற்கு 2 தவணைகளில் பணம் கட்டியிருந்தார். பில் அட்டவணையோடு பொருள், கட்டண அட்டவணைகள் இரண்டையும் ஒரே குவெரியில் ஜாயின் செய்ததால் (இணைத்ததால்), ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு தவணையோடும் சேர்ந்து, அந்த ஒரு பில் 6 வரிசைகளாக விரிந்து, தொகை 7,200 ரூபாய் என்று கூட்டப்பட்டுவிட்டது.

அவசரத்தில் பலரும், கூட்டுத்தொகை காணும் சம்முக்குள் (SUM), ஒரே மதிப்பு மீண்டும் வந்தால் ஒருமுறை மட்டும் எடுக்கும் டிஸ்டிங்க்ட் (DISTINCT) போடுவார்கள் (நானும் போட்டேன்). ஆனால் அதே 1,200 ரூபாய்க்கு இன்னொரு பில் இருந்தால் இரண்டும் ஒன்றாகச் சுருங்கி, தொகை குறைந்துவிடும். இது முந்தைய பிழையைவிட மோசமானது, ஏனெனில் எளிதில் கண்ணில் படாது. பில்களின் எண்ணிக்கைக்கு மட்டும், பில் எண்ணின் மீது போடும் கவுண்ட் டிஸ்டிங்க்ட் சரியான விடை தரும்.

கட்டணங்களையும் பொருள்களையும் தனித்தனித் துணைக் குவெரிகளில் பில் எண் வாரியாக குரூப் பை செய்து (தொகுத்து), ஒரு பில்லுக்கு ஒரே வரிசை என்றாக்கிய பிறகே பில் அட்டவணையோடு லெஃப்ட் ஜாயினில் (பொருந்தும் வரிசை இல்லாத பில்லையும் விட்டுவிடாத இணைப்பு) சேர்த்தேன். பணமே கட்டாத பில்களுக்கு வந்த வெற்று மதிப்பை (NULL), அதற்கு மாற்று மதிப்பு தரும் கோலெஸ் (COALESCE) மூலம் 0 ஆக்கியதும், பேரேடும் அறிக்கையும் ஒரு ரூபாய்கூடப் பிசகாமல் பொருந்தின.