பதுவைப் பதியரின் ஊரில் இரண்டு நாள்

பதுவை என்பது ஓர் ஊரின் பெயர் என்று எனக்குத் தெரிய வந்தபோது வயது பத்தோ பதினொன்றோ இருக்கும். அதுவரை அது செபத்தில் வரும் ஒரு சொல், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை மாலை நவநாளில் 'பதுவைப் பதியரான புனித அந்தோனியாரே' என்று உபதேசியார் தொடங்குவார், 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று நாங்கள் முடிப்போம். தூத்துக்குடிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்தோனியார் கோயில்கள் இருக்கும் புளியம்பட்டிக்கோ உவரிக்கோ போகாத வீடு குறைவு. வேறு மதத்தவர்களும் வந்து மொட்டை போட்டு, உப்பும் மிளகும் காணிக்கை வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போவார்கள். எனக்கு முதல் மொட்டை புளியம்பட்டியில்தான்.

முதுகலை படிக்க பொலோனாவுக்கு வந்து ஆறு மாதமாகிறது. பதுவையை இங்கே பாதோவா என்கிறார்கள். ரயிலேறினால் மெதுவான வண்டியிலும் இரண்டு மணி நேரம் ஆகாது. வந்த முதல் வாரமே போயிருக்கலாம். பாடம், அறை தேடுவது, குடியிருப்பு அனுமதி என்று ஏதாவது ஒன்று தள்ளிக்கொண்டே போனது. பிப்ரவரியில் ஒரு தேர்வு. இங்கே பல தேர்வுகளில் எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது. ஆசிரியருக்கு எதிரே உட்கார்ந்து, கேட்பதற்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். படித்ததெல்லாம் தலைக்குள் இருந்தது. முதல் கேள்விக்கே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலமும் வரவில்லை, அரைகுறை இத்தாலியமும் வரவில்லை. அவர் பொறுமையாகக் காத்திருந்து பார்த்துவிட்டு, ஜூனில் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அன்றிரவு அம்மாவிடம் சொல்லி அழுதேன். "அந்தோனியாரோட அழியாத நாக்கு பக்கத்து ஊர்லயே இருக்கு. ஆறு மாசமா நீ போகாம இருக்கியே பிள்ள" என்றார் அம்மா. மறுநாள் நான் போகப்போகும் செய்தி எங்கள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக வந்துகொண்டே இருந்தது: யாருக்கு வேலை, யாருக்குக் குழந்தை, யார் கந்துவட்டியில் மாட்டியிருக்கிறார்கள், யாருக்கு அறுவை சிகிச்சை. எல்லாவற்றையும் ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டேன். இருபத்து மூன்று விண்ணப்பங்கள்.

தவக்காலத்தின் இரண்டாம் வாரம், சனிக்கிழமை காலை வண்டி. ஃபெராராவைத் தாண்டியதும் போ ஆறு அகலமாக வந்தது. பனிமூட்டத்தில் அக்கரை தெரியவில்லை. ரயில் நிலையத்திலிருந்து டிராம் இருக்கிறது, ஆனால் நடந்துதான் போனேன். கோயிலுக்குக் கொஞ்ச தூரமாவது நடக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம்.

வழியில் ஸ்க்ரோவேஞ்ஞி சிற்றாலயம். முன்பதிவு செய்திருந்ததால் 15 நிமிடம் உள்ளே விட்டார்கள். ஜோத்தோ வரைந்த சுவர்கள், அந்த நீலக் கூரை. 1305இல் அர்ச்சிக்கப்பட்டது. வட்டித் தொழிலில் பேர்போன தந்தையின் பாவத்துக்குப் பரிகாரமாக மகன் கட்டியது என்று சொல்வார்கள். அழகுதான், ஆனால் என் மனம் அங்கே நிற்கவில்லை.

வியா தெல் சாந்தோ என்ற தெரு திரும்பித் திரும்பிப் போய்ச் சட்டென்று திறக்கிறது. எட்டுக் குவிமாடங்கள், மெல்லிய கோபுரங்கள், செங்கல் சுவர். ஒரு பார்வைக்கு ஐரோப்பியக் கோயிலாகவே தெரியாது, கிழக்கிலிருந்து வந்து இறங்கியது போல இருக்கும். முன்னால் குதிரைமேல் தொனாதெல்லோ வார்த்த வெண்கலத் தளபதி. அவரையும் தாண்டிப் போனேன். இந்த ஊரில் அந்தோனியார் என்று பெயரைச் சொல்வதுகூட அரிது. 'இல் சாந்தோ', புனிதர், அவ்வளவுதான். வேறு புனிதர் யாரும் இல்லாதது போல. ஆனால் அவர் இந்த ஊர்க்காரரே அல்ல. 1195இல் லிஸ்பனில் பிறந்தவர். மொராக்கோவில் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்து வேதசாட்சியாக வேண்டும் என்று கப்பலேறினார், நோயில் விழுந்தார், திரும்பும் கப்பலைக் காற்று சிசிலியில் கொண்டு தள்ளியது. அப்படி வந்து சேர்ந்த வெளியூர்க்காரரைத்தான் இவர்கள் தங்கள் புனிதர் என்கிறார்கள். இதை நினைத்தபோதே எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது.

கல்லறைச் சிற்றாலயம் இடது பக்கம். சுற்றிலும் ஒன்பது பளிங்குப் புடைப்புச் சிற்பங்கள், அவர் செய்த அற்புதங்கள். ஒன்றில், தாயின் மேல் விழுந்த பழியைத் துடைக்கப் பச்சைக் குழந்தை வாய்திறந்து பேசுகிறது. இன்னொன்றில் இறந்துபோன கஞ்சனின் நெஞ்சைத் திறந்து பார்க்கிறார்கள். இதயம் அங்கே இல்லை, பணப்பெட்டிக்குள் கிடக்கிறது. கந்துவட்டி விண்ணப்பத்தை அந்தச் சிற்பத்துக்கு முன்னாலேயே வாசித்தேன். 1231ஆம் ஆண்டுத் தவக்காலம் முழுக்க அவர் இந்த ஊரில் தினமும் பிரசங்கம் செய்தார். கோயில்கள் கொள்ளாமல் கூட்டம் திறந்த வெளிக்குப் போனது. அந்த மார்ச் 15ஆம் தேதி, கடனைக் கட்ட முடியாதவர் தன் உடைமைகளை ஒப்படைத்துவிட்டால் சிறையில் அடைக்கக் கூடாது என்று பாதோவா நகரம் சட்டம் போட்டது. அந்தோனியார் கேட்டுக்கொண்டதால் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. எங்கள் ஊரில் கடன்காரர்கள் ஏன் இவரிடம் ஓடுகிறார்கள் என்று இனி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கல்லறையின் பின்பக்கம் ஒரு கற்பலகை. வரிசையாகப் போய், உள்ளங்கையைப் பதித்து நின்று, நகர்கிறார்கள். அவரவர் வைத்த புகைப்படங்கள்: குழந்தைகள், விபத்தில் நசுங்கிய கார்கள், கல்யாணங்கள். எனக்கு முன்னால் நின்றவர் சேலைக்கு மேல் கனத்த குளிர்ச்சட்டை போட்டிருந்தார். கையை வைத்துத் தமிழில் முணுமுணுத்தார். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வெளியே வந்ததும் அவரே கேட்டார், "பிள்ளை தமிழோ?" யாழ்ப்பாணம், பாசையூர். பாசையூரிலும் அந்தோனியார் கோயில்தான். முப்பது வருடமாகக் குடும்பத்தோடு பலேர்மோவில் இருக்கிறார். அங்கே தமிழர்கள், சைவர்களும் சேர்த்து, புனித ரொசாலியாவின் மலைக்கு ஏறிப்போவதைப் பற்றிச் சொன்னார். என் தாளைப் பார்த்து, இது என்ன என்றார். வாசித்துக் காட்டினேன். கடலில் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கும் எங்கள் தெருப் பையனின் வரி வந்ததும் குரல் தானாகத் தாழ்ந்துவிட்டது.

அன்ரி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "என்ர தம்பியும் கடல்தான். உங்கட பக்கத்து ரோலர் இழுவைப்படகு வந்து ரெண்டு தரம் வலையை அறுத்துப்போட்டுது. கடன் வாங்கின வலை" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். "நீங்கள் என்ன செய்வியள் பிள்ளை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தம்பி வருடாவருடம் கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் போகிறவராம். எங்கள் கரையிலிருந்தும் படகுகள் போகும் அதே அந்தோனியார் திருவிழா. "சரி, அந்தப் பெடியன்ட பேர் என்ன? பேரைச் சொல்லிக் கேட்டாத்தானே" என்றார். தாளைப் பார்த்தேன். 'மேலத்தெரு அக்கா மகன்' என்றுதான் எழுதியிருந்தேன். அம்மா சொன்னது அப்படித்தான். பெயர் எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. நம்பரை வாங்கிக்கொண்டு, கேட்டு அனுப்புகிறேன் என்றேன்.

பிறகு பீடத்துக்குப் பின்னால், புனிதரின் உடலில் எஞ்சியவற்றை வைத்திருக்கும் திருப்பண்ட ஆலயத்துக்குப் போனேன். படியேறி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே நகர வேண்டும். அந்தோனியார் இறந்து 32 ஆண்டு கழித்து, 1263இல், புதிய கோயிலுக்கு மாற்றுவதற்காகப் பேழையைத் திறந்தார்கள். உடல் மண்ணாகியிருந்தது, நாக்கு மட்டும் அழியாமல் இருந்தது. அன்று பேழைக்கு முன்னால் நின்றவர், அந்தோனியாரின் துறவற சபைக்கு அப்போது தலைவராக இருந்த புனித பொனவெந்தூர். எப்போதும் ஆண்டவரைப் புகழ்ந்த நாவே என்று கண்ணீரோடு முத்தமிட்டார் என்பார்கள். பொன் வேலைப்பாட்டுக்கு நடுவே அது சின்னதாக, கருமை ஏறி இருக்கிறது. மேலே தாடை எலும்பு. 1991 அக்டோபரில் துப்பாக்கியோடு வந்தவர்கள் அந்தத் தாடையை எடுத்துப் போனார்கள். டிசம்பரில் திரும்பக் கிடைத்தது. தொலைந்ததை மீட்டுத் தருகிறவர் தொலைந்து வந்திருக்கிறார். நாக்கின் முன்னால் நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஜூனில் பேச வேண்டும் என்று கேட்டேன். பின்னால் வரிசை நிற்கிறதே என்று நகர்ந்துவிட்டு, மறுபடி சுற்றி வந்து இரண்டாம் முறையும் அதையே கேட்டேன்.

மதியம் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தின் வழியே போனேன். 1678இல் எலெனா கொர்னாரோ பிஸ்கோப்பியா தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றது இந்த ஊரில்தான். உலகிலேயே பெண் ஒருத்திக்குக் கிடைத்த முதல் முனைவர் பட்டம் என்று அதைச் சொல்கிறார்கள். அவருக்கும் வாய்மொழித் தேர்வுதான். பேராலயத்தில் கூட்டத்துக்கு நடுவே நின்று லத்தீனில் விளக்கியிருக்கிறார். கொஞ்ச நேரம் அந்த வாசலில் நின்றேன்.

இரவு தங்கியது ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஆர்ச்செல்லாவில், வகுப்புத் தோழியின் அறையில். அந்தோனியார் உயிர் விட்டதும் ஆர்ச்செல்லாவில்தான். கம்போசாம்பியேரோவில் உடல் தளர்ந்து, பாதோவாவுக்குக் கொண்டு போங்கள் என்று கேட்டு, மாட்டு வண்டியில் வந்தார். நகருக்குள் நுழையும் முன்பே, 1231 ஜூன் 13, வெள்ளிக்கிழமை, முடிந்துவிட்டது. வயது 36 என்றுதான் கணக்கு. உடல் யாருக்கு என்று தகராறு நடந்து, அடக்கம் செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிப்போனது. எங்கள் செவ்வாய் நவநாள் அங்கிருந்து வந்தது. இத்தனை வருடம் முழந்தாளிட்டவள், அந்தக் கிழமைக்குக் காரணத்தை அவர் இறந்த தெருவில்தான் தெரிந்துகொண்டேன்.

ஞாயிறு அதிகாலை அம்மாவை அழைத்தேன். அம்மாவுக்கும் பையனின் ஞானஸ்நானப் பெயர் தெரியவில்லை, வீட்டில் கூப்பிடும் பெயர்தான் தெரியும். போனை வைக்காமலே மேலத்தெருவுக்கு நடந்தார். நாய் குரைத்தது, கதவு தட்டும் சத்தம் கேட்டது, அப்புறம் அந்த அக்காவே பேசினார். மூன்று முறை சொல்லச் சொல்லி எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொண்டேன். இருபத்தொரு வயதாம்.

வண்டிக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. இந்த முறை டிராமில் போனேன். பூசை நடந்துகொண்டிருந்தது, கல்லறைப் பக்கம் நாலைந்து பேர்தான். கல்லில் கையை வைத்து அவன் பெயரைச் சொன்னேன். பாசையூர் அன்ரியின் தம்பியையும் சொன்னேன், அவர் வலையையும் சொன்னேன். வெளியே வந்து அன்ரிக்குப் பெயரை அனுப்பினேன்.

போ ஆற்றுப் பாலத்தில் வண்டி போகும்போது பதில் வந்தது. "கிடைச்சுது பிள்ளை. இப்ப செபமாலையில சேர்த்திட்டன். தம்பிக்கும் அனுப்பிட்டன்."