உங்களுக்கு வீடு இருக்கு அக்கா

யாழ்ப்பாணத்தில் ஒரு அரச கந்தோரில் எனக்கு வேலை, எங்கள் கிளையில் லீவு விடயம் என்னுடையது. 2022 ஜூனில் அந்தச் சுற்றுநிருபம் வந்த பிறகு, சில மாதங்களுக்கு என் மேசையில் வேறு கோவை இருந்ததாகவே ஞாபகமில்லை. அரச உத்தியோகத்தர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லாத லீவில் வெளிநாடு போய் உழைக்கலாம், சேவை மூப்புக்கும் பென்சனுக்கும் பாதிப்பில்லை என்பதுதான் அதன் சுருக்கம். கையில் டொலர் இல்லாத அரசாங்கம், ஆட்களை அனுப்பி டொலர் எடுக்கப் பார்த்தது. அதே ஜூனில்தான் வெள்ளிக்கிழமைகளில் கந்தோருக்கு வரவேண்டாம், வீட்டில் நின்று தோட்டம் செய்யுங்கள் என்று மூன்று மாதத்துக்கு இன்னொன்றும் வந்தது. ஒன்று போ என்றது, மற்றது வீட்டில் இரு என்றது. நான் இரண்டாவதன் ஆள்.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த வெள்ளிக்கிழமைகள் எனக்குப் பிடித்திருந்தன. நாடே மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற காலம். பால்மா இல்லை, காஸ் இல்லை, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. அதற்குள்ளும் வெள்ளி விடிந்தால் கிணற்றடியில் தலைக்கு முழுகி, கோயிலுக்குப் போய், பஞ்சபுராணத் திருமுறைகள் பாடி முடிய வந்து, கத்தரியும் பயிற்றையும் நட்ட பாத்திக்குத் தண்ணீர் விட்டு, மத்தியானம் மரக்கறிச் சோறு தின்று, விறாந்தையில் புத்தகத்தோடு சாய்ந்தால், நெருக்கடி ரோட்டோடு போகிறது போலத்தான் இருந்தது. விறகடுப்பில் சமைக்க எனக்குத் தெரியும். சின்னதில் பழகியது.

வாசிப்பு என்றேன், அதை ஒரு பெரிய விடயமாக எடுக்கவேண்டாம். என் வாசிப்புக்கு ஒழுங்கே கிடையாது. திருவாசக உரை ஒன்று தலைமாட்டில் இருக்கும், அதற்குக் கீழே துப்பறியும் நாவல் இருக்கும். சோவியத் காலத்தில் மலிவு விலைக்கு வந்த ரஷ்ய நாவல்களின் மொழிபெயர்ப்புகள், நூலகம் என்ற இணையத்தளத்தில் போனில் புரட்டுகிற பழைய சஞ்சிகைகள், பாடசாலைகளின் ஆண்டு மலர்கள், அப்புறம் ஒருவர் செத்து முப்பத்தோராம் நாளுக்கு அடித்துத் தருகிற கல்வெட்டு என்னும் நினைவுப் புத்தகங்கள். சிரிக்காதீர்கள், கல்வெட்டை முழுக்க வாசிக்கிற ஆள் நான். தேவாரம், வம்சாவளி, பேரப்பிள்ளைகளின் புலம்பல் என்று ஒரு குடும்பம் தன்னை எப்படி நினைத்துக்கொள்ள விரும்புகிறது என்பது நாவலைவிட அதில் நன்றாகத் தெரியும். என் மனிசன் பேப்பரில் மரண அறிவித்தல் மட்டும் வாசிப்பவர். ஆக வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே துறைதான்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம், இதையெல்லாம் நான் அந்தப் பிள்ளைக்கும் சொன்னேன். பக்கத்துக் கிளையில் வேலை. வேலைக்கு வந்து அதிக காலமில்லை, முதலாவது வினைத்திறமைகாண் தடைப் பரீட்சைதான் முடித்திருந்தாள். நல்ல கையெழுத்து, கோவை கட்டினால் ஒரு கடதாசி வெளியே தெரியாது. லண்டனில் கெயார் வேலைக்கு எல்லாம் சரிவந்துவிட்டது, லீவு விண்ணப்பத்தோடு என் மேசைக்கு வந்தாள். தேநீர் நேரம். படிவத்தைத் தந்துவிட்டுப் போயிருக்கலாம். போகாமல் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, "நீங்களெண்டால் என்னக்கா செய்வியள்?" என்று கேட்டாள்.

கேட்டதால்தான் சொன்னேன். இதை நான் எனக்கே பலமுறை சொல்லியிருக்கிறேன்: கேட்டாள், சொன்னேன். கேளாமல் புத்தி சொல்லுகிற ஆள் இல்லை நான்.

சொன்னது இதுதான். "பிள்ளை, ஒரு மனிசருக்கு என்ன வேணும்? நாலேகாலுக்குக் கந்தோர் முடியுது. போய் விளக்கு வைச்சு, ஒரு பிடி புட்டு அவிச்சு, ஒரு புத்தகத்தோட இருந்தால் அதைவிட என்ன சந்தோசம்? அங்க போய் ஆரோ ஒருத்தரின்ர தாய் தகப்பனைக் குளிப்பாட்டி விட்டிட்டு ஒரு அறைக்குள்ள போய்ப் படுக்கிறதுக்கு, இங்க உம்மட அம்மா அப்பாவோட இருக்கலாம். யோசியும்."

அவள் போட்டோப் பிரதிகளை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "உங்களுக்கு வீடு இருக்கு அக்கா." கொஞ்சம் பொறுத்து, "நான் போனால்தான் எனக்கு வீடு" என்றாள். பிறகு உடனே, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியில் உறுதிப்படுத்திய முத்திரை வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்றேன். அவ்வளவுதான் கதை.

கோபத்தில் சொல்லியிருந்தால் இவ்வளவு யோசித்திருக்கமாட்டேன். குத்திக்காட்டவும் இல்லை. ஒரு விபரத்தை, படிவத்தில் நான் நிரப்பாமல் விட்ட ஒரு கூட்டை நிரப்புவது போலச் சொன்னாள்.

அவளுடைய நிலைமை எனக்குத் தெரியாததும் இல்லை. வலிகாமம் வடக்கு ஆட்கள். 1990இல் யுத்தத்தில் எழும்பி வந்தவர்கள், அவள் பிறந்ததே இடம்பெயர்ந்த இடத்தில். இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த காணியை விட்டபோது போய்ப் பார்த்தால் வீட்டைக் காணவில்லை, கிணறு மட்டும் இருந்ததாம். கிடைத்த வீட்டுத்திட்டம் ஒன்று அத்திவாரத்தோடு நின்றுவிட்டது. தகப்பன் குத்தகைக் காணியில் வெங்காயம் செய்கிறவர், 2021 இரசாயன உரத்தடையில் விழுந்தவர் எழும்பவில்லை. மூன்று பெண் பிள்ளைகள். யாழ்ப்பாணத்தில் மூன்று பெண் பிள்ளைகள் என்றால் மூன்று வீடு என்று கணக்கு, அதற்கு மேல் மாப்பிள்ளை வீட்டுக்குக் காசாகக் கொடுக்கும் டொனேசன். இதை நான் விளக்கத் தேவையில்லை. ஒல்லாந்தர் 1707இல் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தை எழுத்தில் போடும் முன்னமே இந்தக் கணக்கு இருந்திருக்கும்.

நான் இருக்கிற வீடு சீதன வீடு. அம்மாவுக்கு அவவின் அம்மா கொடுத்தது, எனக்கு அம்மா கொடுத்தது. கடனில்லை, வாடகையில்லை. அப்படியானால் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் போதுமென்ற மனம் எதிலிருந்து வந்தது, திருவாசகத்திலிருந்தா, உறுதிக் கடதாசியிலிருந்தா?

இதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது, கொஞ்சக் காலம் அதை வைத்துச் சமாளித்தேன். 1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தில் வலிகாமம் முழுக்க எழும்பியபோது நாங்களும் செம்மணியால் நடந்தோம். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் ஆறு குடும்பம். அப்போது வீடு இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வகுப்பறை அலுமாரியில் கிடந்ததையெல்லாம் வாசித்தேன். அட்டையில்லாத நாவல், முடிவு கிழிந்துபோன தொடர்கதை, ஆருடையதோ விஞ்ஞானக் கொப்பி. பின்னேரத்தில் கிழவிகள் மரத்துக்குக் கீழே இருந்து தேவாரம் பாடுவார்கள், நாங்களும் பாடுவோம். நான் சந்தோசமாகத்தான் இருந்தேன். ஆகவே இது வீட்டால் வந்த குணம் இல்லை என்று எனக்குள் தீர்ப்பெழுதி வைத்திருந்தேன்.

ஒருநாள் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவ சிரித்துவிட்டா. "நீ சந்தோசமாய் இருந்தனீ. நான் விடிய நாலு மணிக்கு எழும்பி ஆம்பிளையள் எழும்ப முதல் கிணத்தடிக்கு ஓடினனான்" என்றா. பிள்ளைக்கு வாசிக்க நேரம் இருந்தது என்றால் தாய்க்கு இல்லை என்றுதான் அர்த்தமாம்.

1996இல் திரும்பி வந்தபோது கூரையில் ஓடு இல்லை, யன்னல் கதவு நிலைகளைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வீட்டைத் திருத்தியது அண்ணா. அவர் அதற்கு முன்பே கனடா போய், உணவகத்தில் கோப்பை கழுவி, இரவில் கட்டடம் துப்புரவாக்கி அனுப்பிய காசில்தான் ஓடு ஏறியது, விறாந்தைக்குச் சீமெந்து பூசியது. ஒருவர் போனதால் நான் இருக்க முடிந்தது. இதை நான் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குச் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. அந்த நேரம் நினைவில் வரவில்லை என்பதுதான் உண்மை. எது மோசம், மறைப்பதா நினைவே வராததா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அண்ணா போன் எடுத்தால் முதல் கேட்பது வீட்டைப் பற்றித்தான். மாமரம் காய்ச்சிட்டுதா, கோயில் கொடியேறிட்டுதா, பின்வேலி அடைச்சாச்சா. எல்லாரும் போனால் ஆரிடம் இதைக் கேட்பது? நாங்கள் கொஞ்சப் பேர் இருந்து விளக்கு வைப்பதும் ஒரு வேலைதான், அதற்குச் சம்பளம் இல்லாதபடியால் அது வேலை இல்லை என்று ஆகிவிடாது. இப்படி எழுதும்போது எனக்கே நியாயமாகத் தெரிகிறது. நாளைக்குத் தெரியுமோ தெரியாது.

அந்த வருடம் பெருங்கதை விரதம் பிடித்தேன். கார்த்திகைப் பூரணைக்கு அடுத்த நாள் தொடங்கி இருபத்தொரு நாள், இருபத்தோர் இழையில் நூல் கட்டிக்கொண்டு, கோயிலில் பிள்ளையார் கதை படிப்பதைக் கேட்பது. சுன்னாகம் வரதபண்டிதர் பாடியது. சின்ன வயதிலிருந்து கேட்கும் கதை, ஆர் ஆருக்குப் பிறகு வருவார் என்று தூக்கத்திலும் சொல்வேன். அதில் விரத நூலை அறுத்து எறிந்த இலக்கணசுந்தரி அரண்மனையிலிருந்து துரத்தப்பட்டு, போன வீடுகளிலெல்லாம் இருக்க விடாமல் விரட்டப்பட்டு, கடைசியில் ஔவையார் வீட்டில் ஒதுங்கி, திரும்ப விரதம் பிடித்து மீளுவாள். வழக்கமாக அந்த இடத்தில் நம்பிக்கையை விட்டவளுக்கு நடந்தது என்று கேட்டுவிட்டுப் போவோம். அந்த முறை எனக்கு ஔவையார் வீடுதான் கண்ணில் பட்டது. விரதம் பிடிப்பதற்கும் முதலில் ஆராவது ஒரு திண்ணை தரவேண்டியிருக்கிறது. பக்கத்திலிருந்த அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன், "கதையைக் கேளும்" என்றா.

பிள்ளை போய்விட்டாள். விண்ணப்பத்தை ஒருநாளும் தாமதிக்காமல் சிபாரிசுக்கு அனுப்பினேன், இதையும் என் பக்கத்து நியாயமாக எழுதி வைக்கிறேன். போன புதிதில் ஒன்றுமில்லை. பிறகொரு மார்கழியில் வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தாள். இரவு வேலையாம், தான் பார்க்கிற கிழவி நித்திரையானால் விடியும் வரை சும்மா இருக்கவேண்டுமாம், அந்த வீட்டு அலுமாரி முழுக்க துப்பறியும் நாவலாம், ஆங்கிலம் பழகலாம் என்று எடுத்தவள் இப்போது வாரத்துக்கு ஒன்று முடிக்கிறாளாம். "இங்க வந்துதான் அக்கா வாசிக்கவே நேரம் கிடைச்சது. ஊரில எங்க?" பிள்ளையார் கதையின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியும் கேட்டிருந்தாள். கையுறைக்குள் நூல் கட்டியிருக்கிறாளாம்.

அதைக் கேட்டு எனக்குச் சந்தோசம் என்று எழுதினால் பாதிதான் சரி. ஊரில் இருந்தால்தான் விளக்கும் புத்தகமும் என்று நான் கட்டி வைத்திருந்ததை அவள் ஒரு நிமிடக் குரலில் பிரித்துப் போட்டுவிட்டாள், அதுவும் தெரியாமல். கொஞ்சம் எரிச்சலும் வந்தது. அதே குரலில் இருமல் இருந்தது. அம்மாவைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தங்கையிடம் சொல்லுங்கோ என்றும் சொன்னாள். அதை வைத்து, பார்த்தாயா நான் சொன்னதும் சரிதான் என்று ஆறுதல்பட்டேன். ஒரு பிள்ளையின் இருமலில் ஆறுதல் தேடுகிற ஆள் பஞ்சபுராணம் ஓதி என்ன பயன் என்று அன்றிரவு முழுக்க நித்திரையில்லை.

கந்தோரில் இப்போதும் இளம் பிள்ளைகள் இதே விண்ணப்பத்தோடு வருகிறார்கள். ஒருவன் போன கிழமை கதிரையில் இருந்து, "நீங்கள் என்ன நினைக்கிறீங்கள் அக்கா?" என்றான். "மூன்றாவது கூட்டில திகதி பிழை, திருத்திக்கொண்டு வாரும்" என்றேன். போகும்போது அவன் முகம் அவ்வளவு நல்லாயில்லை. கேட்டவனுக்கு ஒன்றும் சொல்லாமல் விடுவது பணிவா கஞ்சத்தனமா?

அவளுடைய வீடு இப்போது கதவு யன்னலுக்கு மேலே, லிந்தல் மட்டத்துக்கு வந்துவிட்டது, தகப்பன் படம் அனுப்பியதாக எனக்கும் அனுப்பினாள். வாயைப் பொத்திக்கொண்டிருக்கலாம். "முன்னுக்கு விறாந்தையை நல்ல அகலமாய் விடச் சொல்லும், இருந்து வாசிக்கலாம்" என்று எழுதினேன். "காசு காணாது அக்கா. முதல் அறையும் குசினியும். விறாந்தை பிறகு பாப்பம்" என்று பதில் வந்தது. அதை மனிசனுக்கு வாசித்துக் காட்டினேன். மரண அறிவித்தலில் இருந்து தலையை எடுக்காமல், "நீ ஏன் எல்லாத்துக்கும் போய் வாயைக் குடுக்கிறாய்?" என்றார்.