மயில்தோகையில் விழுந்த கட்டங்கள்

கொட்டாஞ்சேனையில் அம்மம்மாவின் சாமியறையில் தொங்கிய பழைய கலண்டர் முருகனை 100 பிரதி அச்சடித்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று மூன்று கிழமையாக அலைகிறேன். படத்தை மஞ்சள், சயன் (பச்சை கலந்த நீலம்), மஜந்தா (ஊதாச் சிவப்பு), கறுப்பு என்று நான்காக்கும் வண்ணப் பிரிப்பை வீட்டில் நானே செய்து, நிறத்துக்கு ஒன்றாக பிலிமை மட்டும் வெளியில் எடுத்து, பஞ்சிகாவத்தையில் தெரிந்த அண்ணா ஒருவரின் சின்ன ஓப்செட் மெஷினில் ஓட்டுவதுதான் திட்டம். முதல் சாம்பிளைப் பார்த்ததும் மனம் விட்டுப்போனது. முருகனின் முகம் முழுக்க நுளம்புவலை போர்த்திய மாதிரிக் கட்டம், தலைமுடிப் பக்கம் விரல் அகலத்துக்கு மங்கலான பட்டைகள் வேறு.

இரண்டும் ஒரே கோளாறு என்று நினைத்து ஸ்கிரீன் கோணங்களோடு (ஒவ்வொரு நிறத்தின் அச்சுப்புள்ளி வரிசையும் சாய்ந்திருக்கும் பாகை) மல்லுக்கட்டியதில் ஒரு கிழமை போய்விட்டது. அப்புறம்தான் நான்கு பிலிமையும் ஒவ்வொன்றாக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தேன். மஜந்தா பிலிமில் வேறு எதுவும் சேராமலே முகத்தில் அந்த வலை இருந்தது. தனி பிலிமிலேயே தெரிந்தால் அது நிறங்களின் கோணம் மோதி வந்ததல்ல, ஸ்கேனிலேயே புகுந்துவிட்டது. இரண்டு பிலிமை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால்தான் வருகிறது என்றால், அப்போது கோணத்தைச் சந்தேகிக்கலாம். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

வலைக்குக் காரணம், மூலப்படமே புள்ளிகளால் அச்சானது. லென்ஸை வைத்து, புள்ளி வரிசை ஓடும் திசைக்கு அடிமட்டத்தைச் சாய்த்து எண்ணினேன். 5 மில்லிமீட்டருக்குள் 26 புள்ளி, அதாவது அங்குலத்துக்கு 133 கோடு (புள்ளி வரிசை) அளவு. அதை நான் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) ஸ்கேன் செய்தபோது ஒரு புள்ளிக்கு இரண்டேகால் பிக்சல்தான் கிடைத்தது, வலை விழாமல் என்ன செய்யும்! இந்த முறை 1200 டிபிஐயில் எடுத்தேன். புள்ளிக்கு 9 பிக்சல் வந்தது. புள்ளிகள் கரையும் வரை, ஏறக்குறைய 4 பிக்சல் அளவுக்கு மங்கலாக்கி, பிறகு 300க்குக் குறைத்து, கடைசியில் கண்களையும் வேலின் விளிம்பையும் மட்டும் கூர்மையாக்கினேன். திரையில் பார்ப்பதென்றால் 100 சதவீதத்தில் மட்டும் பாருங்கள், சுருக்கிப் பார்த்தால் இல்லாத கட்டமும் தெரியும்.

பட்டைகள் அப்படியே நின்றன. “தம்பி, மஞ்சளை விடுங்கோ, மஜந்தாவையும் கறுப்பையும் சேர்த்து வச்சுப் பாருங்கோ” என்றார் அண்ணா. கறுப்பு பிலிமின் மேல் மஜந்தாவை வைத்து ஓரங்களை நேராக்கியதும் பெரிய பெரிய கட்டங்கள் ஊதிக்கொண்டு வந்தன. மெல்லத் திருப்பத் திருப்ப அவை சுருங்கி, 30 பாகை அளவில் பொடியாகிக் கண்ணுக்குத் தெரியாமலே போய்விட்டன. அப்போதுதான் பிடிபட்டது. சிவப்புக் கூடிவிட்டது என்று மஜந்தாவை மட்டும் அடுத்த நாள் தனியாகக் கொடுத்துத் திரும்ப எடுத்திருந்தேன், ஒற்றை நிற வேலை என்று அது வழக்கமான 45 பாகையில் வந்துவிட்டது. கறுப்பும் அதே 45. பிலிமை ஒட்டும்போது ஒரு பாகை பிசகினாலும் போதும், 150 கோடு ஸ்கிரீனில் கிட்டத்தட்ட ஒரு சென்ரிமீட்டர் அகலத்துக்குப் பட்டை வரும். 30 பாகை இடைவெளி இருந்தால் அதே கட்டம் 0.33 மில்லிமீட்டருக்குச் சுருங்கி, லென்ஸில் மட்டும் சின்னப் பூப்போலத் தெரியும். அந்தப் பூ எப்போதும் இருக்கும், அதைப் பிழை என்று நினைத்து அழிக்கப் போகாதீர்கள்.

நான்கையும் ஒரே தடவையில் திரும்ப எடுத்தேன்: மஞ்சள் 0, சயன் 15, கறுப்பு 45, மஜந்தா 75. முகம் இப்போது அவ்வளவு சுத்தம்! அம்மம்மாவிடம் காட்டியபோது கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மயில்தோகையின் பச்சையில் மட்டும் இன்னும் மெல்லிய கட்டம் இருக்கிறது. மஞ்சளுக்கும் சயனுக்கும் இடையில் 15 பாகைதான், மஞ்சள் வெளிறிய நிறம் என்பதால் மற்ற இடங்களில் தப்பிவிடுகிறது, பச்சையில் மாட்டிக்கொள்கிறது. மஞ்சளை மட்டும் வேறு கோடு எண்ணிக்கையில் எடுத்துப் பார்க்கலாம் என்கிறார் அண்ணா. அடுத்த கிழமை அந்த பிலிமோடு போகிறேன்.