பதின்மூன்று மீட்டர்

2024 ஆகஸ்ட் 31, சனி

தஞ்சாவூரிலிருந்து மனைவியின் தம்பி வந்திருக்கிறான். வந்த அன்றே கேட்டுவிட்டான்: "அத்தான், கவுன்சிலர் ஆகிவிட்டீர்கள் என்று அக்கா சொன்னாளே, கார் எங்கே, கொடி எங்கே?" இன்று காலை நான் அளவு நாடாவும் பழைய குடையும் எடுத்துக்கொண்டு கிளம்பியதைப் பார்த்தபின் அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை.

நான் ஓட்டுக் கேட்டு வந்தவன் அல்லன். இங்கே சிங்கப்பூரில் நகர மன்றத்துக்கென்று தனித் தேர்தல் கிடையாது. நாடாளுமன்றத்துக்குப் போனவர்களே மன்றத்தையும் நடத்துகிறார்கள். வட்டாரத்து ஆட்கள் சிலரை உறுப்பினர்களாக நியமித்துக்கொள்கிறார்கள். 1986-இல் அங் மோ கியோ வட்டாரத்தில் வெள்ளோட்டம் விட்டு, 1988-இல் சட்டமாக்கிய ஏற்பாடு. மின்தூக்கி, விளக்கு, சாயம், குப்பை, புல்: எங்கள் ராஜ்ஜியம் அவ்வளவே.

அப்பா நகரசபையில் சாக்கடை வெட்டியவர். கடைசிவரை அதை 'முனிசிபல்' என்றே சொல்வார். 1957 டிசம்பரில் நடந்த நகரசபைத் தேர்தலையும், மேயரான ஓங் எங் குவானையும் பற்றி அவரிடம் கதை கதையாக இருந்தது. அவர் காலத்தில் தண்ணீர், மின்சாரம், ரோடு, சாக்கடை எல்லாவற்றுக்கும் ஒரே வாசல். 1963-இல் தண்ணீரும் மின்சாரமும் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்குப் போயின. மற்றவையும் ஒவ்வொன்றாக வேறு வேறு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தன.

இன்று அளந்த 13 மீட்டர்தான் இந்தப் பழங்கதையை இழுத்துவந்தது. எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து புறப்படும் கூரை நடைபாதை, பக்கத்துத் தொடக்கப்பள்ளியின் சிறிய கேட்டுக்குப் போகிற வழியில், கேட்டுக்கு 13 மீட்டர் முன்னால் நின்றுவிடுகிறது. முதலில் புல்தரை, அது எங்களுடையது. பிறகு ஒரு வடிகால். அது பொதுப் பயனீட்டுக் கழகத்துடையது. வடிகாலைத் தாண்டினால் ஒரு மரம். தேசியப் பூங்காக் கழகத்துப் பிள்ளை. அடுத்து ரோட்டோர நடைபாதை, நிலப் போக்குவரத்து ஆணையம். வேலி, கல்வி அமைச்சு. அப்பாவின் மண்டோர், அதாவது மேஸ்திரி, இருந்திருந்தால் நாலு ஆளை அனுப்பி ஒரு வாரத்தில் முடித்திருப்பார். எங்கள் மன்றத்துக்கும் சேர்த்து நான் ஐந்து கடிதம் எழுத வேண்டும்.

செப்டம்பர் 5, வியாழன்

மன்றக் கூட்டம். ஐந்திலிருந்து ஏழு ஆண்டுக்கு ஒருமுறை சாயம் பூசும் முறை எங்கள் வரிசைக்கு வந்துவிட்டது. மூன்று நிறக்கோவைகளை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினோம். 13 மீட்டருக்குக் கிடைத்தது நான்கு நிமிடம். "நல்ல யோசனை, எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 7, சனி

புளோக்கின் கீழ்த்தளத்தில் இல்ல மேம்பாட்டுத் திட்டத்துக்கான கண்காட்சி. 2007 முதல் நடந்துவரும் திட்டம். எண்பதுகளில் கட்டிய எங்கள் புளோக்குக்கு இப்போதுதான் முறை வந்திருக்கிறது. கழிவுநீர்க் குழாயை மாற்றுவது, பெயர்ந்த கான்கிரீட்டைச் சரிசெய்வது, மின்சாரத் தாங்குதிறனைக் கூட்டுவது, துணி காயப்போடும் மூங்கில் கழிச்செருகலுக்குப் பதில் புதிய கம்பிச் சட்டம் வைப்பது: இவற்றுக்குக் குடிமக்கள் ஒரு காசும் தர வேண்டாம். கழிவறையைப் புதிதாகக் கட்டுவதும் கதவு மாற்றுவதும் அவரவர் விருப்பம். அதற்கும் மூவறை வீட்டுக்காரர் தருவது செலவில் 5 விழுக்காடு.

ஆனால் குடிமக்கள் வீடுகளில் 75 விழுக்காடு 'சரி' என்று வாக்களிக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு வாக்கு. எங்கள் புளோக்கில் வாக்குள்ள வீடுகள் 104, வேண்டியது 78. நாலாம் மாடியில் இருக்கும் நம் ஊர்ப் பொறியாளர் மாதிரிக் கழிவறையை இரண்டு முறை உள்ளே போய்ப் பார்த்தார், ஓடுகளைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திருகினார். அவர் நிரந்தரவாசி, குடிமகன் அல்லர்; வாக்கு இல்லை. வாக்குள்ள சிலர் மாதிரிக் கழிவறைப் பக்கமே வராமல் இலவசக் காப்பியோடு போய்விட்டார்கள்.

ஏழாம் மாடிப் பாட்டி மட்டும் நேராக என்னிடம் வந்தார். "தம்பி, என் வீட்டுக்கு வேண்டாம். எழுதிக்கொள்."

"ஏன் பாட்டி?"

"காசு இல்லை."

காசு வேண்டாமே என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மின்தூக்கிக்குள் போய்விட்டார்.

செப்டம்பர் 11, புதன்

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த மூன்றாம் நாள். காலை ஏழு மணிக்குச் 'சுமத்ரா' அடித்தது. மேற்கிலிருந்து வரும் இந்தப் புயல்மழை கூப்பிட்டு வைத்ததுபோல் பள்ளி மணிக்குச் சற்று முன்னால் வந்து சேரும். கூரை முடிகிற இடத்தில் முப்பது நாற்பது பிள்ளைகள் முடங்கி நின்றார்கள். பணிப்பெண் ஒருவர் இரண்டு பிள்ளைகளை ஒரு குடைக்குள் திணித்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பி வந்து தெரியாத இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோனார். நானும் ஆறு முறை போய்வந்தேன். ஒரு சிறுமி காலணியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு நடந்து, கேட்டுக்குள் போய் மாட்டிக்கொண்டாள். இதை முன்பே யோசித்து வைத்திருப்பாள் போலிருக்கிறது.

நனைந்த சட்டையோடு வீட்டுக்கு வந்து ஐந்து கடிதத்தையும் எழுதி முடித்தேன்.

செப்டம்பர் 14, சனி

பாட்டி வீட்டுக்குப் போனேன். தாழ்வாரத்தில் ஒரு செருப்பு அலமாரியும் மூன்று துளசித் தொட்டியும். வழி 1.2 மீட்டர் இருக்க வேண்டும் என்பது தீயணைப்பு விதி. கண்ணாலேயே அளந்தேன், இருந்தது. இந்தப் பழக்கம் இப்போது கோயிலுக்குப் போனாலும் விடுவதில்லை.

காப்பி கொடுத்தார். நான் கேட்காமலே கழிவறையைத் திறந்து காட்டினார். கூரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கான்கிரீட் பெயர்ந்து, உள்ளே இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பருத்துத் தெரிகிறது. கம்பி துருவேறினால் உப்பும்; உப்பினால் மேல்பூச்சைத் தள்ளிவிடும். அதற்கு நேர் கீழே ஒரு நீலப் பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் மூன்று துண்டுகள். பெரியது என் உள்ளங்கை அளவு, ஒரு பக்கம் இன்னும் பழைய பச்சைச் சாயம்.

"இதைப் பார்த்துக்கொண்டா பாட்டி வேண்டாம் என்கிறீர்கள்?"

பதில் இல்லை. வேறு கதை பேசினார். இந்தப் புளோக்கில் முன்பு மின்தூக்கி 1, 5, 9 ஆகிய மாடிகளில் மட்டுமே நிற்கும். கணவருக்கு மூச்சிரைப்பு. கீழே போகும்போது ஐந்துக்கு இறங்குவார்கள்; வீடு திரும்பும்போது ஒன்பதுவரை போய் இரண்டு மாடி இறங்கி வருவார்கள். எப்போதும் இறங்கவே இறங்கினோம், ஒரு படி ஏறியதில்லை என்று சொல்லிச் சிரித்தார். 2001-இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் அறிவித்து, எங்கள் புளோக்குக்கு முறை வந்தபோது அவர் கணவர் இல்லை.

புறப்படும்போது, வாசலில் வைத்துத்தான் சொன்னார். "பத்து நாள் கழிவறை இல்லையாமே. கீழே தற்காலிகமாக வைப்பார்களாம். ராத்திரி நான்கு தடவை எழுந்திருப்பேன் தம்பி. நான்கு தடவையும் மின்தூக்கி ஏறி இறங்குவேனா?"

வீட்டுக்குள்ளேயே வைக்கிற நடமாடும் கழிப்பான் தருவார்கள் என்றேன். முகத்தைச் சுளித்தார். அதைத் தினமும் யார் சுத்தம் செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. கண்காட்சியில் பத்தொன்பது பலகை வைத்திருந்தோம். இதற்கு ஒரு பலகை இல்லை.

செப்டம்பர் 19, வியாழன்

அடுத்த வாரம் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் எழுத்துத் தாள்கள் தொடங்குகின்றன. கீழ்த்தளப் படிப்பு மூலைக்கு இரவு ஒன்பது மணிக்குப் போனேன். பள்ளிக்கூடத்துக்குள் எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. பிள்ளை வெளியே வந்து படிக்கிற நேரம் மட்டும் எங்கள் பொறுப்பு.

ஆறு மேசை, நான்கு பிள்ளைகள். மூலையில் இருந்த பையன் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இடக்கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான். வலக்கை கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. கொசுவா என்று கேட்டேன்.

"விளக்கு அங்கிள்," என்றான்.

மேலே நாங்கள் பெருமையாக மாட்டிய சிக்கன விளக்கு. ஆள் நடமாட்டம் இருந்தால் பளிச்சென்று எரியும், இல்லையென்றால் மங்கிவிடும். படிக்கிறவன் அசைய மாட்டான் அல்லவா? அசையாதவன் அங்கே இல்லை என்று அது முடிவு கட்டிவிடுகிறது. அந்த விளக்குகளை வாங்கத் தீர்மானம் போட்டபோது நானும் கையைத் தூக்கினேன். அன்றைக்கு ஒரு தடவை தூக்கியதற்கு, பிள்ளைகள் தினமும் ராத்திரி முழுக்கத் தூக்குகிறார்கள்.

என் பிள்ளைப் பருவம் முனிசிபல் லைனில் (நகரசபைத் தொழிலாளர் குடியிருப்பு), ஒரே குண்டு பல்பின் கீழ் கழிந்தது. பிறகு படித்தது உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில். 1982-இல் அதை மூடினார்கள். மங்கலான அந்தப் பல்பு கடைசிவரை அப்படியே எரிந்தது. என்னை எழுந்து நின்று கையாட்டச் சொன்னதில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

மின்பணியாளர் வந்து அந்த ஆறு விளக்கின் அமைப்பை மாற்றினார். இரவு பதினொன்றுவரை மங்காது. இருபது நிமிட வேலை. கடிதம் இல்லை, குழு இல்லை. இந்த வருடத்தில் நான் செய்த ஆக உருப்படியான காரியம் இது என்று மனைவி சொல்கிறாள், மறுக்க முடியவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

கழிவுநீர்க் குழாய் மேலிருந்து கீழே ஒரே செங்குத்தாகப் போகிறது. அதனால் வேலையும் அடுக்கு அடுக்காக, ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும் வீடுகளில் சேர்ந்தாற்போல் நடக்கும். பக்கத்து அடுக்குக்கு வேறு தேதி. இது வரைபடத்தில் இருந்தது, எனக்கு உறைக்கவில்லை. உறைத்தது பாட்டியின் பக்கத்து வீட்டு மலாய் அம்மா 'மக்சிக்'குக்கு. மீன் வாங்கப் போகிற வழியில் என்னைப் பிடித்துத் தேதிகளைக் கேட்டார். அப்படியே என்னையும் இழுத்துக்கொண்டு பாட்டி வீட்டு வாசலில் போய் நின்றார்.

"உன் வீட்டில் உடைக்கும்போது என் வீட்டுக்கு வா. என் வீட்டில் உடைக்கும்போது நான் உன் வீட்டுக்கு வருகிறேன்," என்று மலாயில் சொன்னார்.

பாட்டியும் மலாயிலேயே கேட்டார்: "ராத்திரி மூன்று மணிக்கு?"

"நானும் அப்போது விழித்துத்தானே இருக்கிறேன். உன் கதவுச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

முப்பது வருடத்துக்கு மேலாக அடுத்தடுத்த கதவு. நான் அங்கே தேவையே இல்லாமல் நின்றுகொண்டிருந்தேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

வாக்களிப்பு முடிந்தது. 104-இல் 86. பாட்டி எப்படிப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. தேநீர்க் கடையில் அவரே உரக்கச் சொன்னார், மூன்று மேசைக்குக் கேட்கும்படி.

வேண்டாம் என்ற பதினெட்டு வீட்டில் இரண்டு வீட்டுக்காரர்கள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அண்மையில்தான் சொந்தச் செலவில் கழிவறையைப் புதுப்பித்தவர்கள். குழாய் மாற்றுவதற்காக அந்தப் புது ஓடுகளை உடைக்க வேண்டியிருக்கும். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

அக்டோபர் 24, வியாழன்

ஐந்து கடிதத்தில் மூன்றுக்குப் பதில். ஒருவர் வடிகாலுக்கு மேல் தூண் வரக்கூடாது என்கிறார். ஒருவர் மரத்தின் வேரைத் தொடக்கூடாது என்கிறார். இரண்டும் சரியான பேச்சே. மூன்றாமவர் நேரில் பார்க்க வருகிறாராம், தேதி பின்னர்.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள். வீட்டில் மிஞ்சிய அதிரசத்தை எடுத்துக்கொண்டு பாட்டியைப் பார்க்கப் போனேன். மக்சிக் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தார். கழிவறை ஓடுகளுக்கு எந்த நிறம் எடுப்பது என்று இருவருக்கும் வாக்குவாதம். ஒருவருக்குச் சாம்பல், ஒருவருக்கு வெளிர்மஞ்சள். கைப்பிடிக் கம்பியும் வைக்கச் சொல்லுங்கள் என்றேன். "நான் என்ன கிழவியா?" என்றார் பாட்டி. அவருக்கு எண்பத்துநான்கு.

வாளியைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டார். வேலைக்கு ஒப்பந்தக்காரரை இனிமேல்தான் எடுக்க வேண்டும், ஆள் வருவதற்கு நாளாகும் என்றேன்.

வாளியில் இருந்த துண்டுகளைப் பழைய செய்தித்தாளில் மடித்துக் குப்பையில் போட்டார். வாளியைக் கழுவித் துடைத்து, பழைய இடத்திலேயே வைத்தார். காலால் அரை அடி தள்ளி, கம்பிக்கு நேர் கீழே வந்துவிட்டதா என்று அண்ணாந்து பார்த்தார்.